மீன் கடையில் எந்த மீனை வைப்பது?



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் மீன் கேட்டு நச்சரிக்கிற பிள்ளைகள் உள்ளவர்களும், சின்னதாக ஒரு கடை போடலாம் என்று யோசிக்கிற தம்பிமாரும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

என்னிடம் விஞ்ஞானம் படித்த மாணவன் ஒருவன் கட்டாரில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறான். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. மெயின் ரோட்டில் சின்னக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து பறவைக் கூடு, கோழித் தீன், பூனைச் சாப்பாடு என்று தொடங்கினான். கடையின் பின் பாதி சும்மா கிடந்தது. அதில் அலங்கார மீன் போடுவது அவனுடைய யோசனை. கையில் மிச்சம் இருக்கிற காசு முழுவதும் அதற்குள்தான் போகப் போகிறது. வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பி, "சேர், 26 வகை எழுதியிரிக்கன். இதில எதை எடுக்கிற, எதை உடுற?" என்று கேட்டான்.

மூன்று நாள் இஷாவுக்குப் பிறகு கடை வாசலில் கதிரை போட்டு இருந்து பேசினோம். அங்கே வந்து நின்று காது கொடுத்தவர்களில் சிலர், "சேர், இதை எழுதிப் போடுங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். மீன் வாங்குகிற ஆட்களும் நீங்கள்தான் என்பதால் உங்களுக்கும் உதவும்.

முதலில் அவனுடைய பட்டியல். பாதி மொத்த வியாபாரியின் விலைப் பட்டியலில் இருந்து வந்தது. பாதி யூடியூபில் இருந்து வந்தது. ஓஸ்கார், பிளவர் ஹோர்ன், டிஸ்கஸ், நியோன் டெட்ரா, ஏஞ்சல், ஷார்க், நைஃப், டேங்க் கிளீனர், ரெட் டெயில் கெட்பிஷ் என்று போய், கப்பி கடைசி வரியில் கிடந்தது. "கப்பி எல்லார்ட்டயும் இரிக்கி சேர். அதில என்ன இலாபம்?" என்றான்.

நான் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உன்ட கடைக்கு யார் வாறாங்க என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான். பாடசாலை விட்டதும் வருகிற பிள்ளைகள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற உம்மாமார். பெரிய மீன் கேட்டு வருகிற நாலைந்து பொடியன்மார். அவ்வளவுதான்.

சரி, அந்தப் பிள்ளைகளின் வீட்டில் மீன் எதற்குள் இருக்கப் போகிறது? ஹோர்லிக்ஸ் போத்தல். கண்ணாடிக் கிண்ணம். ஒன்றரை அடித் தொட்டி. கிணற்றடியில் கிடக்கிற பழைய பிரிட்ஜ் பெட்டி. சிலரிடம் சீமெந்துத் தொட்டி. பில்டர் இருக்கிற வீடு பத்தில் ஒன்று இருந்தால் பெரிய விடயம். அப்படியென்றால் பட்டியலை வியாபாரியின் விலைத்தாளில் இருந்து தொடங்கக் கூடாது, அந்த வீடுகளில் இருந்து தொடங்க வேண்டும் என்றேன். அங்கே ஒரு மாதம் தாண்டி உயிரோடு இருக்கக் கூடிய மீன் எது என்பதுதான் கேள்வி.

"அது புண்ணியம் சேர், வியாபாரம்?" என்றான். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

பேச்சுக்கு ஒரு மீனை 100 ரூபாவுக்கு எடுத்து 200 ரூபாவுக்கு விற்கிறான் என்று வைப்போம். பத்து மீன் எடுத்தால் முதல் 1,000 ரூபா. மூன்று கடையிலேயே செத்தால் மிச்சம் ஏழும் 1,400க்குப் போகும். கையில் நிற்பது 400. அதில் தீன், கரண்ட், மருந்து எல்லாம் கழிய வேண்டும். ஐந்து செத்தால் முதல் மட்டும்தான் திரும்பி வரும். இதே கணக்கில் 3,000 ரூபாவுக்கு எடுத்த ஒரு டிஸ்கஸ் செத்தால், 30 கப்பி விற்று வந்த இலாபம் ஒரே இரவில் போய்விடும். விலை கூடிய மீனில் இலாபம் கூட என்று சொல்கிறவர்கள் சாவுக் கணக்கைச் சொல்வதில்லை.

இன்னொன்று. மீன் கடையில் நின்று பிடிக்கிற வருமானம் மீனில் இல்லை. தீன், செடி, எயார் பம்ப், பில்டர், வலை, அடுத்த பெரிய தொட்டி, இவற்றில்தான் இருக்கிறது. மீன் உயிரோடு இருக்கிற வீடுதான் மாதா மாதம் தீன் வாங்கும். வாங்கி மூன்றாம் நாள் மீன் செத்தால், அந்தப் பிள்ளையின் உம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். "இனி மீனும் வேணாம் ஒண்டும் வேணாம்." ஒரு மீன் விற்ற காசோடு அந்த வீட்டு வாடிக்கை முடிந்துவிடும். கப்பி குட்டி போட்டால் அதே பிள்ளை கடைக்கு ஓடி வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

இரண்டாம் நாள் தண்ணீரைப் பற்றிப் பேசினோம்.

நம்மட கரையோர ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் மணல் கிணறு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது தண்ணீரின் வன்மை. கடலுக்குக் கிட்டவுள்ள வளவுகளில் கொஞ்சம் உவரும் சேரும். நியோன் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசன் நதிப் பக்கத்து மீன்கள். அங்கே தண்ணீர் மென்மையானது, அமிலத் தன்மை கூடியது. அவற்றை நம்மட கிணற்றுத் தண்ணீரில் போட்டு, தீனும் போட்டு, ஏன் வாடுது என்று கேட்பதில் பிரயோசனமில்லை. பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவை கொஞ்சம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் புதிதாக வளர்க்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற மீன் அதுவல்ல.

கப்பி, மொலி, பிளாட்டி, சுவர்ட் டெயில் ஆகிய குட்டி போடுகிற மீன்கள் நேர்மாறு. அவற்றுக்கு வன்மையான தண்ணீர்தான் பிடிக்கும். மொலி உவர்த் தண்ணீரிலும் இருக்கும். எங்கட கிணற்றில் மீன் நிக்காது என்று சொல்கிற வீடுகளுக்கு மொலியைக் கொடுத்துப் பார் என்றேன்.

பைப் தண்ணீர் பாவிக்கிற வீடுகளுக்கு வேறு கதை. அதில் குளோரீன் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பாவிக்க வேண்டும், அல்லது குளோரீன் நீக்குகிற துளி மருந்தைப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் மீனை மட்டும் பொலித்தீனில் கட்டிக் கொடுத்தால் அந்த மீன் செத்ததில் கடைக்காரனுக்கும் பங்கு உண்டு.

அடுத்தது சூடும் கரண்டும். மே மாதத்தில் இருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் தகரக் கூரைக் கடைக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைகிற ஒட்சிசன் குறையும். 25 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசன் நிற்கும். 32 பாகையில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். மீனோ சூட்டில் கூடுதலாகச் சுவாசிக்கும். அந்த நேரத்தில் கரண்டும் போனால் எயார் பம்ப் நிற்கும். 2022இல் ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க நின்றது. இனி நடக்காது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அதனால் பம்ப் இல்லாமலும் சமாளிக்கிற மீன் கடையில் கட்டாயம் இருக்க வேண்டும். பைட்டரும் கௌராமியும் அப்படிப்பட்டவை. செவுளுக்கு மேலே அவற்றுக்கு ஒரு விசேட உறுப்பு இருக்கிறது. மேலே வந்து நம்மைப் போலக் காற்றை எடுத்துக்கொள்ளும். பைட்டர் தாய்லாந்துப் பக்கத்து மீன். 2019இல் அந்த நாடு அதைத் தன்னுடைய தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வயல் ஓரத்துக் கலங்கல் தண்ணீரில் வாழ்ந்து பழகிய மீன் என்பதால் தொட்டியில் பம்ப் இல்லாவிட்டாலும் இருக்கும். ஆனால் ஒரு தொட்டிக்கு ஒரு ஆண்தான். இரண்டைப் போட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும். கிளாஸ் போத்தலுக்குள் அடைத்து வைப்பதும் சரியில்லை. ஒரு வாளித் தண்ணீர் பிடிக்கிற அளவு இடமாவது வேண்டும்.

இப்படிப் பேசிப் பேசி 26 வகை 6 ஆகியது.

1. கப்பி. பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனாலும் இப்போது நம்மட நாட்டில் இருந்தே வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிற மீன். ஏறக்குறைய மாதம் ஒரு முறை குட்டி போடும். நுளம்புக் குடம்பியைத் தின்னும். மலேரியாக் காலத்தில் கிணறுகளில் கப்பி விட்டது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைக்கு முதல் மீன் இதுதான். ஒரு ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் விற்க வேண்டும். ஆணை மட்டும் அழகுக்காக வாங்கினால் குட்டி வராது. ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண் என்றால் அந்தப் பெண் ஓய்வில்லாமல் செத்துப் போகும்.

2. மொலியும் பிளாட்டியும். மேலே சொன்ன காரணம். நிறமும் உண்டு. சின்னப் பிள்ளைக்குத் தூரத்தில் இருந்தே தெரியும்.

3. பைட்டர்.

4. கௌராமியில் சின்ன இனங்கள். நீலக் கௌராமி 12 சென்ரிமீற்றர் தாண்டி வளரும், அதற்கு இரண்டு அடித் தொட்டியாவது வேண்டும் என்று சொல்லி விற்க வேண்டும். ஜயன்ட் கௌராமி வேண்டாம். அது அரை மீற்றரையும் தாண்டும்.

5. ஸீப்ரா டேனியோ. தாங்குகிற மீன். கூட்டமாகத்தான் நிம்மதியாக இருக்கும். ஆறுக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது.

6. கோல்ட் பிஷ். நான் வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை. "சேர், மீன் எண்டாலே சனம் கோல்ட் பிஷ்தான் கேக்கும்" என்றான். அவன் சொல்வதும் சரி. கிண்ணத்துக்குள் ஒரு கோல்ட் பிஷ் என்று படப் புத்தகத்தில் இருந்தே பழக்கிவிட்டார்கள். உண்மையில் அது ஒரு சாண் தாண்டி வளர்கிற மீன். நன்றாகப் பார்த்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். நிறையக் கழிவு போடும். கிண்ணத்தில் அந்தக் கழிவே அதைக் கொல்லும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டோம். பில்டர் உள்ள இரண்டு அடித் தொட்டிக்கோ சீமெந்துத் தொட்டிக்கோதான் கோல்ட் பிஷ். கிண்ணத்தை நீட்டினால் பைட்டரைக் காட்ட வேண்டும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி என்றால் வாழைத்தண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிச் சுண்ணாம்பு போன பிறகுதான் மீன்.

வாய்ப்பு வந்தால் ஏழாவதாக செரி பார்ப். இது நம்மட நாட்டுக்கே உரிய மீன். தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளில் இருப்பது. உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள், நம்மட பிள்ளைகளுக்கு அது நம் நாட்டு மீன் என்று தெரியாது. ஒரு நிபந்தனை: பண்ணையில் பெருக்கியதாக இருக்க வேண்டும், ஓடையில் பிடித்ததாக இருக்கக் கூடாது. ஓடை மீனைப் பிடித்து விற்றால் என்னவாகும் என்பதற்கு கேகாலைப் பக்கத்து பந்துல பார்ப் ஞாபகத்தில் இருக்கட்டும். 1991இல்தான் அதை ஒரு தனி இனம் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். கலபிட்டமடப் பக்கத்து ஒரு சின்ன ஓடையைச் சுற்றித்தான் அது வாழ்ந்தது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கிற மீன். அப்படியான ஒன்றுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி போதும், இனமே முடிந்துவிடும்.

வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னது: ஊசியால் நிறம் ஏற்றிய மீன்கள். கண்ணாடி மாதிரி உடம்பில் பச்சை, ரோஸ் கோடு போட்டவை. கொஞ்ச நாளில் நிறமும் போகும், அந்தக் காயத்தில் மீனும் போகும்.

மூன்றாம் நாள் பேச்சு கொஞ்சம் சூடானது. பெரிதாக வளர்கிற மீன்களைப் பற்றி.

ஷார்க் என்று விற்பது சுறா இல்லை. ஆசியப் பெரிய ஆறுகளில் ஒரு மீற்றருக்கும் மேல் வளர்கிற ஒரு வகைக் கெளுத்தி. கடையில் விரல் நீளத்தில் இருக்கும். ரெட் டெயிலும் ஒரு மீற்றரைத் தாண்டும். ஓஸ்கார் ஒரு அடி. டேங்க் கிளீனர் ஒன்றரை அடி வரை போகும். நைஃப் இன்னும் கூட. இவற்றில் எதையும் ஒன்றரை அடித் தொட்டியில் முழு ஆயுளும் வளர்க்க முடியாது. வாங்குகிற பிள்ளைக்கு அது தெரியாது. விற்கிறவனுக்குத் தெரியும்.

நம்மட மார்க்கத்தில் பண்டத்தின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே படிக்கிறோம். கிழிந்த துணிக்கும் அழுகிய பழத்துக்கும் உள்ள சட்டம்தான் இதற்கும். இந்த மீன் உங்கட தொட்டிக்குள்ள நிக்காது என்பதும் சொல்ல வேண்டிய குறைதான்.

"நான் விக்காட்டி டவுன்ல வாங்குவாங்க சேர். மீன் ஒண்டு, கடை ரெண்டு. நட்டம் எனக்கு மட்டும்தானே?" என்றான்.

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அவன் விற்காமல் விட்டதால் நாட்டில் டேங்க் கிளீனர் குறையப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டேன். அந்த மீன் வளர்ந்த பிறகு எங்கே போகும்? கொல்ல மனம் வராது. சாப்பிடவும் மாட்டார்கள். ஒரு பின்னேரம் வாளியில் கொண்டுபோய் வாய்க்காலில் விடுவார்கள். பாவம், உயிர் பிழைக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் விடுவார்கள்.

நம்மட வாய்க்கால்கள் ஒன்றோடொன்று தொடுத்தவை. சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர்தான் வயல்களுக்கு வந்து, வடிந்து, களப்புக்கும் கடலுக்கும் போகிறது. ஒரு வாய்க்காலில் விட்ட மீன் அங்கேயே நிற்காது. மாரி மழைக்கு வளவும் ரோட்டும் ஒன்றாகிற ஊர் இது. யாரும் கொண்டுபோய் விடாமலே முற்றத்துத் தொட்டியில் இருந்து மீன் தானாகப் போய்விடும்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்கிற கதை இல்லை. டேங்க் கிளீனர் இப்போது நம் நாட்டுக் குளங்கள் பலவற்றில் பெருகிக் கிடக்கிறது. அதன் முள் வலையில் சிக்கினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கரையில் குழி தோண்டி முட்டை இடும். வாங்குவார் இல்லை. நைஃப் மீன் மேல் மாகாணத்து நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் தாய்லாந்து, இந்தோனேசியாப் பக்கத்து விரால் இனம் ஒன்று பெருகி மற்ற மீன்களைத் தின்னுகிறது, பிடிபடுகிற மீன் குறைந்துவிட்டது என்று அங்குள்ள மீனவர்கள் கவலைப்படுகிறார்கள். அலங்கார மீனாக வந்து, தொட்டிக்குள் அடங்காமல் வெளியே விடப்பட்டிருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்மட ஊரிலும் குளத்தை நம்பி வலை போடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலர் இவனுடைய கடையில்தான் கோழித் தீன் வாங்குகிறார்கள்.

விட்டுவிடுவானா? "அப்ப திலாப்பியா? அதுவும் வெளிநாட்டு மீன்தானே சேர், நீங்கதான் படிப்பிச்ச" என்றான். படிப்பித்தது உண்மை. 1952இல் கொண்டுவந்த மீன். அது வந்ததால் நம்மட சின்ன மீன் இனங்களுக்குப் பாதிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சனத்தின் உணவுக்கென்று அரசாங்கம் யோசித்துக் கொண்டுவந்தது. இன்றைக்குக் குளத்து மீனவர்கள் பலருக்குச் சோறு போடுவதும் அதுதான். டேங்க் கிளீனரை யாரும் யோசித்து விடவில்லை. தொட்டி சின்னதாகிப் போனதால் வந்து சேர்ந்தது. அதனால் சோறு தின்கிறவன் ஒருவனும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே ஒரு முடிவு சொன்னான். டேங்க் கிளீனர், நைஃப், ஷார்க், ரெட் டெயில் நான்கும் கடைக்குள் வராது. ஓஸ்கார் மட்டும் ஓர்டருக்கு எடுத்துக் கொடுப்பான். நான்கு அடித் தொட்டி இருப்பதைப் போனில் படம் எடுத்துக் காட்ட வேண்டும். தொட்டியில் பாசி பிடிக்குது, டேங்க் கிளீனர் தா என்று கேட்கிறவர்களுக்கு வெளிச்சத்தைக் குறைக்கவும், தீனைக் குறைக்கவும், தண்ணீரை மாற்றவும் சொல்லிக் கொடுப்பான். இன்னொன்றையும் அவனே சேர்த்தான், நான் யோசிக்காத ஒன்று: "வளர்ந்துபோன மீனை வாய்க்கால்ல உடாம என்ட கடைக்குக் கொண்டாங்க எண்டு போர்ட் போடுவம் சேர். காசு குடுக்க ஏலா, கப்பி நாலு குடுக்கலாம்." அந்த மீன்களைப் பெரிய தொட்டி வைத்திருக்கிற ஆட்களுக்குக் கொடுப்பது அவன் பொறுப்பு.

ஓஸ்கார் விடயத்தில் எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. ஆனால் கடை அவனுடையது, வாடகை கட்டுவதும் அவன்தான்.

மீன் தெரிவு இவ்வளவு. தெரிந்த மீனை எப்படி விற்பது என்பதற்கு மூன்று விதி எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

ஒன்று, புதிதாக வருகிற மீன் இரண்டு கிழமைக்கு விற்பனைக்கு இல்லை. இரவு பஸ்ஸில் பொலித்தீனுக்குள் குலுங்கி வந்த மீன் முதல் நாள் நன்றாகத்தான் தெரியும். வெண்புள்ளி நோய் இருந்தால் சில நாளில் வெளியே வரும். அது கடையில் தெரிவது நல்லது, வாங்கிய பிள்ளையின் வீட்டில் தெரிவதைவிட.

இரண்டு, இன்றைக்குத் தொட்டி, அடுத்த கிழமை மீன். சாதாரண தர விஞ்ஞானத்தில் வருகிற நைதரசன் வட்டம் ஞாபகம் இருக்கும். மீனின் கழிவில் இருந்து அமோனியா வரும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. புதுத் தொட்டியில் அந்தப் பற்றீரியா நிலைகொள்ள நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். அதனால் முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும், குறைந்த தீன், கிழமைக்கு இரண்டு தரம் கால்வாசித் தண்ணீர் மாற்றம். கடையில் ஓடுகிற பில்டரின் பஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தால் பற்றீரியா சேர்ந்தே போகும். அதற்குக் காசு எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

மூன்று, ஒரு கொப்பி. வந்த திகதி, வகை, வந்தது எத்தனை, செத்தது எத்தனை, விற்றது எத்தனை. இந்த ஐந்தும் இருந்தால் அடுத்த பட்டியலை நானோ யூடியூபோ சொல்லத் தேவையில்லை. கொப்பியே சொல்லும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு 12 தொட்டியோடு பின் பாதியைத் திறந்தான். இப்போது இரண்டு மாதம். கொப்பியைப் பார்த்தேன். பிளாட்டியும் கப்பியும் நன்றாகப் போகின்றன. மொலி, கடல் பக்கத்து வீடுகளில் இருந்து திரும்பிக் கேட்டு வருகிறார்கள். ஸீப்ரா டேனியோ மெதுவாகத்தான் ஓடுகிறது, பிள்ளைகளுக்கு நிறம் போதாது. அதைப் பாதியாகக் குறைக்கப் போகிறான். தீன் விற்பனை மீன் விற்பனையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. பெரிய இலாபம் என்று சொல்ல முடியாது. வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிக் கொஞ்சம் மிச்சம் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். பெரிய மீன் கேட்டு வந்த பொடியன்மார் இரண்டு பேர் டவுனுக்குப் போனதும் உண்மை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கடையில் மீன் வாங்கினாலும் காசு கொடுக்க முன் நான்கு கேள்வி கேளுங்கள். இது எவ்வளவுக்கு வளரும்? தனியாக இருக்குமா, கூட்டமாகவா? எங்கட தண்ணீருக்குச் சரிவருமா? கரண்ட் போனால் எத்தனை மணித்தியாலம் தாங்கும்? பதில் சொல்லத் தெரியாத கடையில் தீன் வாங்கலாம், மீன் வாங்க வேண்டாம்.

மழைக் காலம் வரப் போகிறது. வீட்டில் தொட்டிக்குள் அடங்காத மீன் வைத்திருப்பவர்கள், முற்றத்துத் தொட்டியில் டேங்க் கிளீனர் விட்டிருப்பவர்கள், தயவுசெய்து குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். முற்றத்துத் தொட்டிக்கு இப்போதே வலை போட்டு மூடுங்கள். கொடுக்க விரும்பினால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், கடையை அறிமுகப்படுத்தி விடுகிறேன். நாலு கப்பியும் கிடைக்கும்.

உங்கள் வீட்டுத் தண்ணீரில் எந்த மீன் நின்றது, எது நிற்கவில்லை என்று கீழே எழுதுங்கள். ஊரையும் குறிப்பிடுங்கள், கிணறா பைப்பா என்பதையும் சொல்லுங்கள். அவனுடைய கொப்பியில் சேர்த்துவிடுகிறோம்.